பச்சை வேன்

அவள் எப்படி ஆரம்பித்தாள் என்று கேட்கத்தானே வந்தீர்கள்?
உட்காருங்கள். அந்த நாற்காலி வேண்டாம், அதற்குக் கால் ஆடும்.

ஹல் நகரம், ஹெசில் ரோடு,
மீன்துறைத் தொழிலாளர் மன்றம்.
எழுபத்தொன்று ஜனவரி, வெள்ளிக்கிழமை.
படகுகள் கரைக்கு வந்து இரண்டு நாள்.
எல்லோர் சட்டைப்பையிலும் காசு இருந்தது,
சிரிக்கத்தான் யாருக்கும் மனசில்லை.

மேடையில் நான்.
'சிரில் பேக்ஹவுஸ், வடக்கின் வாயாடி' என்று
போஸ்டரில் போட்டிருக்கும். எழுதியது நான்தான்.
மாமியாரைப் பற்றி ஒன்பது ஜோக் சொன்னேன்.
ஒரு முகத்திலும் ஈயாடவில்லை.
முன்வரிசையில் ஒருவர்
சிப்ஸ்மேல் வினிகர் ஊற்றிக்கொண்டிருந்தார்.
அந்தச் சத்தம் எனக்குக் கேட்டது என்றால்
பார்த்துக்கொள்ளுங்கள்.

பத்தாவதன் நடுவில் அவள் ஏறி வந்தாள்.
ஈனிட் தர்ல்பி.
பகலெல்லாம் ஹாடக் மீனை முள் நீக்கிக் கூறுபோடுபவள்.
ரப்பர் பூட்ஸைக்கூடக் கழற்றவில்லை.
செயலாளருக்குத் தொண்டை கட்டிக்கொண்டதால்
அறிவிப்புச் சொல்ல அனுப்பியிருந்தார்கள்.
என் கையிலிருந்த மைக்கில் வாயை வைத்து,
"பச்சை வேன் யாருது?
ஐஸ் லாரிக்கு வழி மறிக்குது" என்றாள்.

என்னுடையது, என்றேன்.

கொல்லென்று சிரித்தார்கள்.
பதினோரு வருஷத் தொழிலில்
எனக்குக் கிடைத்த மிகப் பெரிய சிரிப்பு அதுதான்.
"போய் எடுத்துட்டு வாங்க,
இதை நான் பிடிச்சுக்கறேன்" என்று
மைக்கை வாங்கிக்கொண்டாள்,
பக்கத்து வீட்டுக் குழந்தையை வாங்குவதுபோல.

வெளியே பனி. வேன் கிளம்பவில்லை.
சாவியைத் திருகுகிறேன், இருமுகிறது, அடங்குகிறது.
லாரிக்காரன் ஹாரனை அழுத்திக்கொண்டே இருக்கிறான்.
அப்போதுதான் சுவரைத் தாண்டி வந்தது.

சொற்களைச் செங்கல் வைத்துக்கொண்டது.
சிரிப்பை மட்டும் வெளியே விட்டது.
முதலில் பெண்கள் பக்கம்.
பிறகு கொஞ்சம் அமைதி.
அந்த அமைதியை அவள் சும்மா விட்டுவைத்தாள் பாருங்கள்,
நானாக இருந்தால் பயந்துபோய் எதையாவது கொட்டியிருப்பேன்.
பிறகு மொத்தக் கூடமும்.
தகரக் கூரையிலிருந்து பனிப்பாளம் ஒன்று சரிந்து
என் வேன் கண்ணாடிமேல் விழுந்தது.
சிரிப்பால்தான் என்று நான் சொல்லவில்லை.

சிரிப்பை வெளியே நின்று கேட்டது எனக்கு அதுதான் முதல் தடவை.
மேடையில் நிற்கும்போது எவ்வளவு என்று எண்ணத்தான் தோன்றும்.
வெளியே அது
அடுத்த வீட்டில் மீன் பொரிக்கும் வாசனை.

லாரிக்காரனும் நானும் வேனைத் தள்ளினோம்.
பாதியில் நிறுத்திவிட்டு அவன் கேட்டான்:
"உள்ளே யாரு, இந்தப் போடு போடறது?"
"புது ஆள்" என்றேன்.
எழுதிக்கொள்ளுங்கள்,
அவளை முதன்முதலில் அப்படிச் சொன்னவன் நான்.

நாற்பது நிமிஷம் கழித்து உள்ளே போனேன்,
கையெல்லாம் கிரீஸ்.
"அதுக்குள்ள வந்துட்டீங்களா?" என்றாள்.
மறுபடியும் கொல்லென்று.

கூலி ஆறு பவுன்.
தாளில் என் பெயர் இருந்ததால் என்னிடம்தான் கொடுத்தார்கள்.
மூன்றை அவளிடம் நீட்டினேன்.
மற்ற கையிலிருந்து இன்னொன்றையும் எடுத்துக்கொண்டாள்.
"வேன் நிறுத்தினதுக்கு."

இப்போது டெலிவிஷனைத் திறந்தால் அவள்.
பேட்டிக்கு ஒரு கதை சொல்கிறாள்:
பள்ளிக்கூட நாடகம், சித்தப்பாவின் சவ ஊர்வலம்,
ஒரு தடவை பல் டாக்டரின் வரவேற்பறை.

அன்றைக்கு அவள் என்ன பேசினாள் என்று
உள்ளே இருந்தவர்களை ஒவ்வொருவராகக் கேட்டுப் பார்த்தேன்.
வயிறு புண்ணாகிப்போச்சு என்கிறார்கள்.
ஒரு வரி, ஒரே ஒரு வரி, யாருக்கும் ஞாபகமில்லை.
லீட்ஸ் ரயிலடியில் அவளையே கேட்டுவிட்டேன்.
"இப்ப வந்துடுவாரு, இப்ப வந்துடுவாருன்னு
சொல்லிக்கிட்டே இருந்தேன். அவ்வளவுதான்."

அட, சிரித்துவிட்டீர்கள்.
எந்த இடத்தில் என்று சொல்லுங்கள்,
குறித்துக்கொள்கிறேன்.